சின்ன மாமனாரின் துப்பாக்கி

டிவியில் கேசட் செருகி விளையாடும் வீடியோ கேம் வந்த காலத்தில், காரைக்குடியில் எங்கள் தெருவில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. இதை மகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். இரண்டு பட்டனை அமுக்குவதெல்லாம் ஒரு விளையாட்டா என்பது அவள் கட்சி. போனில் நான்கு பேர் கூட்டுச் சேர்ந்து, ஏதோ ஒரு தீவில் குதித்து, கண்ணில் பட்டவரையெல்லாம் சுட்டால்தான் அவளுக்கு விளையாட்டு.

அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். நான் போன் செய்தால் "நல்லாருக்கேன்ப்பா" என்பதோடு சரி. அதே பெண் ஞாயிற்றுக்கிழமை மதியமெல்லாம் அந்தத் தீவில் தோழிகளோடு ஓயாமல் பேசுகிறாள் என்று தெரிந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. கணக்கு வாத்தியார் பொறாமைப்படக் கூடாதா என்ன? அந்த கேமை இறக்கி, ஸ்டாஃப் ரூமில் ஒளிந்து ஒளிந்து பழகினேன். என்னையும் சேர்த்துக்கொள் என்றேன். பார்க்கலாம் என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு அமராவதிபுதூரில் அண்ணன் வீட்டில் கூடினோம். அண்ணன் மகளுக்குக் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ். புது மாப்பிள்ளைக்குத் தடபுடலாக விருந்து. விளையாட்டில் அவர் மூன்றாவது கட்சி. கம்ப்யூட்டரில் ஒரே கதையை மாதக்கணக்கில் விளையாடுகிறவர். போன் கேமெல்லாம் வெறும் நொறுக்குத்தீனி என்றார். கேசட்டைப் பற்றி மரியாதை கருதி ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு முற்றி, போனிலேயே போட்டி என்று முடிவானது. அண்ணன் மகளும் மாப்பிள்ளையும் ஒரு பக்கம், நானும் மகளும் மறுபக்கம். தோற்காமல் இருந்தால் தன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு இடம் உண்டு என்று மகள் வாக்குக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்திலேயே பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு வெளியேறினார்கள். மிச்சம் நானும் மாப்பிள்ளையும். ஓர் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் அவரைப் பார்த்துவிட்டேன். குறி சரியாகத்தான் இருந்தது, விரல்தான் இறங்கவில்லை. பின்னால் நின்ற அண்ணன் என் தோளைத் தொட்டார்.

"டேய், மாப்பிள்ளைக்கு இன்னும் மோதிரம் போடல. அதுக்குள்ள சுட்டுப்புடாத."

மாப்பிள்ளையும் என்னைப் பார்த்துவிட்டார். அவரும் சுடவில்லை. சோபாவின் அந்தக் கோடியிலிருந்து, "நீங்க மொதல்ல சுடுங்க, சின்ன மாமா" என்றார்.

"அதெப்படி? நீங்க சுடுங்க, மாப்பிள்ளை."

அந்த விளையாட்டில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே நின்றால் உயிர் போய்விடும். மகள் தலையில் அடித்துக்கொண்டு எச்சரித்தாள். நாங்கள் துப்பாக்கியைத் தாழ்த்தி ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்தோம். வட்டம் எங்களைத் தாண்டிப் போனது. மரியாதை குறையாமல் இருவரும் ஒன்றாகச் செத்தோம்.

யாரும் ஜெயிக்கவில்லை, ஆகவே நான் தோற்கவும் இல்லை. வாத்தியார் புத்தி, இந்தப் பாயிண்டை விடவில்லை. மகள் முறைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். ஒரே நிபந்தனை, மைக்கைத் திறக்கக் கூடாது. திறந்தால் கேசட் கதை சொல்லுவேனாம்.

இப்போது ஞாயிறுதோறும் அந்தத் தீவுக்குப் போகிறேன். மருந்துப் பெட்டி சுமப்பது என் வேலை. அப்பா வருகிறார் என்று தோழிகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். முதல் வாரம் வணக்கம் சொன்னார்கள். பதில் பேசாத ஆளை எத்தனை வாரம்தான் நினைவில் வைத்திருப்பார்கள்? அவள் சிரிப்பதைக் கேட்பதே எனக்குப் போதும் என்று இருந்தது.

போன வாரம் ஒரு தோழி கேட்டாள்: "அந்த மேத்ஸ் அரியர வீட்ல சொல்லிட்டியாடி?"

"கணக்கு வாத்தியார்ட்ட போயி எப்படிடி சொல்றது?" என்றாள் மகள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிக்கொண்டிருந்த அவள் உருவம் நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பியது.

"அப்பா, இருக்கீகளா?"

மைக்கைத் திறக்கவில்லை. ஒரு மருந்துப் பெட்டியை அவள் காலடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றேன்.