மீசையை எடுத்த மறுநாள் வந்த பேப்பர்

குரங்கணிக்கு மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் வேலை பார்த்த காலம். அந்த வருஷம் சிறந்த நடிகர் விருது எனக்குப் பிடித்த நடிகருக்குத்தான் என்று, மாமன் மகன் முருகனிடம் மீசையைப் பந்தயம் வைத்தேன்.

அறிவிப்பு வந்தபோது ரேடியோ ஒரே கரகரப்பு. காதை ஒட்டிவைத்துக் கேட்ட முருகன், "ஒன் ஆளுக்கு இல்ல மாப்ளே, வெரசா மீசைய எடு" என்றான். ரோஷத்தில் வழித்துவிட்டேன்.

மறுநாள் ஜீப்பில் வந்த பேப்பரைப் பார்த்தால், விருது என் ஆளுக்கே! "சரியா கேக்கல மாப்ளே" என்கிறான் சாவகாசமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே ராசிங்காபுரத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா, "வீட்டுல எதுவும் துக்கமா?" என்றார். உள்ளதைச் சொன்னேன். "சினிமாவுக்கா மீசைய எடுத்தீக?" என்று எழுந்துவிட்டார். சம்பந்தம் அதோடு போயிற்று.

இன்றும் விருது யாருக்கு என்று பந்தயம் கட்டுகிறேன். ஆனால் பேப்பரை நானே படிக்கும்வரை சவரக்கத்தியைத் தொடுவதில்லை.