மடக்கு வண்டியில் நெல்வா கட்டிய குளியலறை

செய்தி வந்தபோது முற்பகல் பத்தரை மணி. வீட்டு வாசலில் விரித்து நிறுத்தியிருந்த, காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் கித்தான் சுவர் மடக்கு ட்ரெய்லருக்குள் ஹார்லன் பூர்ஸ்மா மண்டியிட்டு, ஷவர் தொட்டியின் ஓரத்தில் தண்ணீர் கசியாதபடி சிலிகோன் பசை பூசிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் கைபேசி அடித்தது. மகள் மார்சியா.

"அப்பா," என்றாள். "அம்மா போயிட்டாங்கப்பா. இப்பத்தான். தூக்கத்துலயே."

"சரிம்மா," என்றார் ஹார்லன். "வரேன்."

அவரை அங்கே அனுப்பியதே நெல்வாதான். கடைசி வாரங்களில் அவள் மகள் வீட்டில், தோட்டத்தைப் பார்த்த அறையில் படுத்திருந்தாள். அன்று காலை கண் திறந்தவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்துச் சொன்னாள்: "இங்க உக்காந்து என் மூச்சை எண்ணிக்கிட்டிருக்காதே. போய் அந்த ஓரத்தைப் பூசு. மே மாசம் பாதி போயிடுச்சு." அவர் தயங்கியதும், "போன்னா போ, ஹார்லன்," என்றாள். வாழ்நாள் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டியவளின் குரல் அது. பின்சீட்டில் சண்டை போடும் பையன்களை எழுந்து போகாமலேயே அடக்கிய குரல். அவர் எழுந்து வந்துவிட்டார்.

நெல்வா பேருந்து ஓட்டியது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் மேற்குப் பக்கம், ஸீலண்ட் ஊரைச் சுற்றிய பண்ணைச் சாலைகளில். பனிக்காலத்தில் விடியுமுன்பே வண்டியைச் சுற்றி வந்து விளக்கு, சக்கரம், அவசரக் கதவு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவாள். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்லுவாள். அதே வழக்கத்தைத்தான் மடக்கு வண்டிக்கும் கொண்டு வந்தாள். கோடையில் போய்த் தங்கும் ஏரிக்கரை முகாமிலிருந்து கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்லன் வெளியே கூரையை இறக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் கேட்கக் கேட்க, நெல்வா கதவருகே நின்று பதில் சொல்லுவாள்.

"படுக்கை?"

"உள்ள."

"கித்தான்?"

"சொருகியாச்சு."

"அடுப்பு மேடை?"

"கவுத்தாச்சு."

"கதவு?"

"மடக்கியாச்சு. இறக்கு."

மார்சியா சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து இதுதான் பாட்டு. முகாமில் பக்கத்து இடத்துக்காரர்கள் காபிக் கோப்பையோடு நின்று கேட்பார்கள். சிலர் கூடவே சொல்லவும் செய்வார்கள்.

அந்த வண்டியில் ஷவர் என்று ஒன்று முதலிலிருந்தே இருந்தது. கதவை ஒட்டி, கழிப்பறைப் பெட்டிக்கு மேலே, கூரையில் தொங்கும் ஒரு திரை. கையில் பிடித்துக்கொள்ள ஒரு குட்டைக் குழாய். யாரும் அதில் குளித்ததில்லை. தண்ணீர் பட்டதும் திரை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சோப்பு போகுமுன் வெந்நீர் தீர்ந்துபோகும். அதற்குள் மழைச் செருப்புகளைப் போட்டு வைத்திருந்தார்கள். குளிக்க எல்லோரும் போவது முகாமின் பொதுக் குளியலறைக்குத்தான். நெல்வாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, யார் வீட்டுக் கல்யாணம், யார் பிள்ளை எந்தக் கல்லூரி என்று பேசுவதில் அவளும் பக்கத்து இடத்து ட்ரூடியும் போடும் சத்தம்தான் வெளியே கேட்கும்.

பிறகு புற்றுநோயால் அவளுக்கு இடது மார்பை எடுக்க வேண்டி வந்தது. மறு கோடையில் முகாமுக்குப் போனார்கள். முதல் நாள் மாலை துண்டை எடுத்துக்கொண்டு போனவள், தலை நனையாமல் திரும்பி வந்தாள்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார் ஹார்லன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் விஷயம்," என்றாள். "நான் சட்டையக் கழட்டினதும் அத்தனை வாயும் மூடிக்கிச்சு. ட்ரூடிகூட சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. ட்ரூடி! அவ வாய மூடி நான் பாத்ததே இல்ல."

"அப்ப இந்த வருஷத்தோட முகாமை விட்டுடலாமா?"

நெல்வா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "குளியலறையத்தான் விட்டேன். ஏரிய விடல."

அன்று இரவே மழைச் செருப்புகள் ஷவரிலிருந்து வெளியே போயின.

பெரிய வண்டியாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஹார்லன் சொன்னார். உள்ளேயே முழுக் குளியலறை இருக்கும், திரையும் வேண்டாம் மடக்கவும் வேண்டாம். "அதுல படுத்தா கித்தான்ல மழை விழற சத்தம் கேக்குமா?" என்றாள் அவள். பேச்சு முடிந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அளந்துகொண்டும் வரைந்துகொண்டும் இருந்தாள். திரை உடம்பில் ஒட்டாமல் இருக்க, வெளிப்பக்கம் வளைந்த கம்பி ஒன்றை மாட்டினாள். திரையின் கீழ் மடிப்பில் ஹார்லனின் தூண்டில் ஈயக்குண்டுகளை வரிசையாக வைத்துத் தைத்தாள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என் குண்டெல்லாம் எங்கே?" என்று கத்தினார். "குளிக்குது," என்றாள். அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் ஷவர் தலை ஒன்று வாங்கிப் போட்டாள். வெந்நீர் கடைசிவரை நின்றது. ஆனால் பெரிய சிக்கல் கைதான். அறுவைக்குப் பிறகு இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, எழாத கையால் தலையைத் தேய்க்க முடியாது. ஆகவே குழாய் தானாக மேலே நிற்க வேண்டும். ஓர் உலோகக் குழாயைச் சுவரோடு நிமிர்த்தி, தலைக்கு மேல் வளைத்து, இரண்டு கவ்விகளால் இறுக்கினாள். உயரத்தில் இருந்த திருகுகளை மட்டும் ஹார்லன் போட்டார்.

ஏப்ரலில், ஓரத்தில் பனி உருகாமல் கிடந்த வாசலிலேயே முதல் குளியல். தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஹார்லன் காவல்.

"நுரை வருது!" என்று கத்தினார்.

"ஊருக்கே சொல்லாதே!" என்றாள் உள்ளேயிருந்து. ஆனால் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

அந்த ஜூன் மாதம் கவ்விகளைத் தளர்த்திக் குழாயைத் தனியாக எடுத்துப்போய், முகாமில் மறுபடி மாட்டி, நாலு நாளும் அவள் தன் வண்டியிலேயே குளித்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். இரவு மழை பெய்து கித்தான் ஊறிப்போயிருந்தது.

"படுக்கை?" "உள்ள." "கித்தான்?" "சொருகியாச்சு." "அடுப்பு மேடை?" "கவுத்தாச்சு." "கதவு?" "மடக்கியாச்சு. இறக்கு."

கைப்பிடி பாதியில் கனத்தது. ஈரக் கித்தான்தான் இப்படி இழுக்கிறது என்று நினைத்து, ஹார்லன் உடம்பைச் சாய்த்து ஒரு சுற்று சுற்றினார். டமார் என்று ஒரு சத்தம். கூரையைப் பொத்துக்கொண்டு குழாய் வெளியே வந்து, ஏரிக்கரையில் மீனுக்கு நிற்கும் சாம்பல் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"நீ சொல்லல," என்றார் ஹார்லன்.

"நீ கேக்கல."

முகாமே கூடிவிட்டது. ஒருவர் ஒட்டும் பட்டையோடு ஓடி வந்தார். இன்னொருவர் கொக்குக்கு மீன் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். ஹார்லன் குழாயைக் கழற்றி, ஓட்டையில் பட்டையை ஒட்டி, வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தார். வீடு வந்ததும், "போதும் நெல், இதோட விட்டுடு. நாலு நாள் குளிக்காம இருந்தா யாரும் சாக மாட்டாங்க," என்றார்.

"கூரைல ஓட்டை போட்டது நீ. குளிக்காம இருக்கிறது நானா?" என்று கேட்டுவிட்டு, அவள் ஏணியை எடுக்கப் போனாள்.

அந்த வாரமே அலுமினியத் தகடு வெட்டிக் கூரையை அடைத்தாள். குழாயை நடுவில் அறுத்து, தோட்டத்து ரப்பர்க் குழாய்க்குப் போடும் கழற்றி மாட்டும் இணைப்பு ஒன்றைப் பொருத்தினாள். ஒரு திருகலில் மேல் பாதி கையோடு வந்துவிடும். படுக்கைக்கு அடியில் வைத்துவிடலாம். அதைவிடக் கஷ்டமாக இருந்தது பழைய பாட்டை மாற்றுவதுதான். இத்தனை வருஷப் பழக்கத்தில் புதிய வரி நாக்கில் நிற்கவில்லை. அவள் ஹார்லனைச் சமையலறையில் நிறுத்தி, பாத்திரம் துடைக்கும்போதெல்லாம் சொல்லிப் பழக்கினாள். படுக்கைக்கும் முன்னால், முதல் கேள்வியாக.

"கொக்கு?"

"படுத்தாச்சு."

ஆகஸ்டில் மறுபடி ஏரிக்குப் போனபோது ட்ரூடி ஒரு பை நிறையச் சோளக்கதிரோடு வந்து கதவருகே நின்றாள். பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"நெல்வா, அன்னிக்கு நான் அப்படித் திரும்பியிருக்கக் கூடாது..."

"குளிக்க வந்தியா, மன்னிப்புக் கேக்க வந்தியா?" என்றாள் நெல்வா. "ரெண்டுக்கும் சேத்து வெந்நீர் பத்தாது."

ட்ரூடி குளித்தாள். திரைக்கு வெளியே நெல்வா உட்கார்ந்து சோளம் உரித்தாள். இரண்டு பேர் சத்தமும் பொதுக் குளியலறைவரை கேட்டது. போகும்போது ட்ரூடிதான் சொன்னாள், கதவுப் பக்கத்து மூலையில் தண்ணீர் கசிகிறது என்று. நெல்வா மண்டியிட்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். பலகை கொஞ்சம் மெத்தென்று இருந்தது. "தொட்டிய எடுத்துட்டு பலகைய மாத்தணும். நாலு ஓரமும் அடைச்சாத்தான் இது குளியலறை," என்றாள். "அதுவரைக்கும் வெறும் வாளி."

பனிக்காலத்தில் நோய் எலும்பில் திரும்ப வந்தது. பலகையை ஹார்லன் மாற்றினார். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "கோணல், கோணல்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டியைத் திரும்ப வைத்தார்கள். பசை பூச வெயில் வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் அவளால் வாசலுக்கு வர முடியாமல் போயிற்று.

அவள் போன அன்று ஹார்லன் கைபேசியை மறுபடி சட்டைப்பையில் வைத்தார். பசைக் குழாயின் மூக்கில் ஓர் ஆணியைச் சொருகி அடைத்தார், காய்ந்துவிடக் கூடாதென்று. கையைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போனார்.

அடக்கத்துக்கு ட்ரூடி வந்திருந்தாள். தேவாலயத்துக் கீழ்த்தளத்தில், ஹாம் இறைச்சி வைத்த ரொட்டியும் காபியும் வைத்திருந்த மேசையருகே, ஜூலைக்கு முகாமில் வழக்கமான இடத்தையே பதிவு செய்துவிட்டதாக அவரிடம் சொன்னாள்.

"வண்டியக் கொண்டு வருவீங்கள்ல?"

"கொண்டு வருவேன்," என்றார் ஹார்லன். "ஆனா தனியா எப்படி மடக்கறதுன்னுதான் தெரியல."

"நீங்க கேளுங்க. நான் பதில் சொல்றேன். எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்."

வண்டி இன்னும் வாசலில் விரித்தபடியே நிற்கிறது. கொக்கு நிமிர்ந்து நிற்கிறது. தொட்டியின் மூன்று ஓரங்கள் பூசியாகிவிட்டன. கதவுப் பக்கத்து ஓரம் பாக்கி.