பதினொன்று வரவேண்டிய இடத்தில் மூன்று

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புதுச்சேரி உழவர்கரையில் நான் இயற்பியல் நடத்தும் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். பூமி சுற்றுவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று பெரிய ஊசல் ஒன்று கட்ட ஆசைப்பட்டேன். நீளமான கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினால், அது தன் போக்கில் ஆடிக்கொண்டிருக்கும். அடியில் தரை பூமியோடு சேர்ந்து திரும்பும். நமக்கோ குண்டு ஆடும் கோடுதான் மெல்லத் திரும்புவது போலத் தெரியும்.

தட்டாஞ்சாவடியில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர்தான் எங்கள் பள்ளிக்கு வழக்கமாக இரும்பு வேலை செய்பவர். இரும்புக் குண்டைக் கடைந்து, பள்ளி ஹாலின் உயரமான உத்தரத்தில் கொக்கி போட்டு அவரே தொங்கவிட்டார். தரையில் நான் சாக்பீஸால் வட்டம் போட்டு டிகிரி குறித்தேன். கை பட்டு ஒரு பக்கம் தள்ளிவிடக் கூடாது என்பதால், குண்டை நூலால் இழுத்துக் கட்டி, நூலைக் கொளுத்தி விட்டோம்.

நூலகத்தில் கிடைத்த பழைய பிரெஞ்சுப் புத்தகத்தில், ஒரு மணி நேரத்தில் பதினோரு டிகிரி திரும்பும் என்று இருந்தது. எங்களுக்கு மூன்றுதான் வந்தது.

ஃபேனை நிறுத்தினேன். காற்று வராமல் ஜன்னலையெல்லாம் சாத்தினேன். மறுபடி மூன்று. கொக்கியில்தான் கோளாறு என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். மறுபேச்சில்லாமல் வேறு கொக்கி செய்து வந்தார். அப்போதும் மூன்று. கண்காட்சிக்கு நான்கே நாள் இருந்தது. தலைமையாசிரியை கேட்டபோது, "பட்டறை வேலை சரியில்ல மேடம்" என்று சொல்லிவிட்டேன். பட்டறைக்காரருக்கு வரவேண்டிய பெஞ்சு ரிப்பேர் வேலை மறுநாளே வேறு ஆளுக்குப் போய்விட்டது.

அது தெரிந்தும் அவர் மூன்றாவது முறை வந்தார். டிரில்லிங் மெஷினில் துளைபோடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' என்ற பிடியை உத்தரத்தில் மாட்டி, கம்பியை எந்தப் பக்கமும் சாயாமல் இறுக்கினார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். மூன்று டிகிரி.

அவர் கைதுடைக்கும் துணியை மடித்தபடி கேட்டார்: "என் வேலை தப்புன்னா, ஒவ்வொரு வாட்டியும் ஒரே மாதிரியாவா டீச்சர் தப்பு வரும்?"

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். பதினொன்று என்பது பாரிஸுக்குப் போட்ட கணக்கு. துருவத்துக்குப் பக்கத்தில் போகப்போகத் தரை வேகமாகத் திரும்பும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வரவரக் குறையும். நம் ஊருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றுக்குச் சற்று மேல்.

காலையிலேயே பட்டறைக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குழம்பிப்போய், "பூமி ஒண்ணுதானே டீச்சர்? அங்க வேகமாவும் இங்க மெதுவாவுமா சுத்துது?" என்றார். துருவத்தில் நிற்பவன் நின்ற இடத்திலேயே ஒரு நாளில் முழுசாகத் திரும்பிவிடுவான், பூமத்திய ரேகையில் நிற்பவனைப் பூமி சுமந்துகொண்டு போகுமே தவிர அப்படித் திருப்பாது என்றேன். தலையாட்டினார், ஆனால் புரிந்த முகம் இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே எங்கேயோ பிடி நழுவியது.

தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். கண்காட்சியன்று பட்டறைக்காரரைப் பக்கத்தில் நிற்கவைத்து, மைக்கிலும் சொன்னேன். ஆனால் பெஞ்சு வேலை அதற்குள் முடிந்துவிட்டது. அதை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இப்போதும் ஏதாவது கணக்கு உதைத்தால், பக்கத்தில் இருப்பவர் கைவேலையைக் குறை சொல்வதற்கு முன்னால், நான் எந்த ஊர்க் கணக்கை நம்பிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் தடுமாறி நிற்கிறேன். அந்தத் தடுமாற்றம் என்னை விட்டுப் போகவே கூடாது என்றுதான் நினைக்கிறேன்.