மாமியாருக்கு வாங்கிய நீலச் செருப்பு

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, மலாக்காவில் காஜா பேராங் என்ற பகுதியில் நடந்தது இது. அப்போது நான் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கூட்டல் கணக்கில் கெட்டிக்காரன். மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் என்ற நினைப்பு உள்ளவன்.

நான் கட்டிக்கொண்ட பெண் காஜா பேராங் செட்டி வீட்டுப் பெண். பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்கிற குடும்பம். கும்பிடுவது நம் சாமி, உடுத்துவது மலாய்க் கெபாயாச் சட்டை, பேசுவது மலாய். ஆகவே அந்த வீட்டுப் பேச்சைத் தமிழில் மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்யாணமாகி மாதம் ஒன்றுகூட முடியவில்லை, மாமனார் தவறிவிட்டார். அவருடைய அக்கா, வீட்டில் எல்லாரும் பயப்படுகிற பெரிய அத்தை, என் காதுபடவே சொன்னார்: "மாப்பிள்ளை கால் வச்ச நேரம்." மாமியார் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வேறெதுவும் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுவதும் நான் போகும்போதெல்லாம் தட்டில் சோறு வந்தது. பேச்சு வரவில்லை. அவரும் அப்படித்தான் நினைக்கிறாரோ என்ற முள் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

வருஷம் திரும்பியது. துக்கம் முடிந்தது, இந்தத் தீபாவளியை முறையாகக் கொண்டாடிவிடலாம் என்று மைத்துனர்கள் முடிவு செய்தார்கள். அதுதான் எங்கள் தள்ளிப்போன தலைத் தீபாவளி. "அம்மாவுக்கு ஏதாவது நல்லதா வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கித் தரக்கூடிய பொருளாகத்தான் அது இருக்க வேண்டும் என்று நான் தீர்மானித்தேன்.

மணி கோத்துத் தைத்த செருப்பென்றால் அந்த வீட்டுப் பெண்களுக்கு உயிர். மாமியார் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைத் தரையில் மண்டியிட்டு நூலால் அளந்தேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். எறும்பைப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பட்டணத்தில், எல்லாரும் 'நானா' என்று கூப்பிடுகிற நாகூர்க்காரப் பெரியவர் ஒருவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். ரப்பர் விலை விழுந்தபோது நொடித்துப்போன பெரிய வீடுகளின் கடிகாரமும் பீங்கானும் விளக்கும் அங்கேதான் வந்து சேரும். இரண்டே ஆள் நிற்கலாம், அதிலும் ஒருவர் ஒல்லியாக இருக்க வேண்டும். அவர் ஒரு சிவப்பு மணிச் செருப்பை எடுத்து வைத்தார். யாரும் காலில் போடாதது. விலை கேட்டதும் எனக்குப் பேரம் பேசும் வேகம் வந்துவிட்டது.

"நானா, வயசான மாமியாருக்கு வாங்குறேன். பாவம், புருஷன் போயிட்டார். அழுது அழுது ஆளே பாதியாயிட்டாங்க. பார்த்துப் போடுங்க."

அவர் கை நின்றது. சிவப்பை உள்ளே வைத்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து நீலமும் வெள்ளையுமாய் இன்னொரு ஜோடியை எடுத்தார்.

"அப்ப இதுதாம்ப்பா அவங்களுக்கு. நீ கொடுக்கிறதைக் கொடு."

அதைவிட அழகான செருப்பை நான் பார்த்ததில்லை. பாதி விலைதான் கொடுத்தேன். என் நாக்குக்கு ஒரு தங்க மெடல் போடலாம் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

தீபாவளிக் காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லாரும் கூடத்தில் இருந்தோம். மகன்கள் வாங்கித் தந்த ரோஜா நிறக் கெபாயா மாமியார் மடியில் மடித்தபடியே கிடந்தது. பழைய வெள்ளையில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். நான் பொட்டலத்தை நீட்டி, எல்லாரும் பார்க்கட்டும் என்று நானே பிரித்தும் காட்டினேன்.

எட்டிப் பார்த்தவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா இதையா கொண்டாந்தே?" என்றார் பெரிய அத்தை.

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீலம் வெள்ளை துக்கத்துக்குப் போடுறதுங்க. செத்த வீட்டுச் செருப்பு."

எனக்குக் குளித்த உடம்பு மறுபடி நனைந்தது. மாமனாரைக் கொண்டுபோனவன் என்று பேர் வாங்கியவன், தீபாவளிக்குத் துக்கச் செருப்போடு வந்து நிற்கிறேன். ஓடலாம் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு மைத்துனர்கள் இருவர்.

மாமியார் செருப்பை வாங்கினார். மணிகளின் மேல் விரலை ஓட்டினார். பிறகு குனிந்து இரண்டு காலிலும் போட்டுக்கொண்டார். அளவு சரியாக இருந்தது. தலை நிமிர்த்தி, முதல் தடவையாக, நேரே என்னிடம் பேசினார்.

"எல்லாரும் முடிஞ்சுது முடிஞ்சுதுன்னாங்க. எனக்கு இன்னும் முடியலன்னு உனக்கு யார் சொன்னது?"

ஆமாம், உங்கள் மனசு எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அன்றோடு நான் மகானாகியிருப்பேன். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"தெரியாது அத்தை. விலையைக் குறைக்க உங்க கதையைச் சொல்லி அழுதேன். கடைக்காரர் இரக்கப்பட்டு இதைக் கொடுத்துட்டார்."

பெரிய அத்தை தலையில் கை வைத்தார். மாமியாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"உன் மாமனாரும் இதே ஆளுதான்" என்றார். "மீன் வாங்கப் போனா மாமியார் செத்துட்டாங்கன்னு சொல்லி விலை குறைப்பார். ஒரு நாள் எங்கம்மா பின்னாலேயே நின்னு கேட்டுட்டாங்க."

"அப்புறம்?" என்றான் பெரிய மைத்துனன்.

"அப்புறம் என்ன, அந்த மீனை அவங்க தொடவே இல்ல."

கூடம் முழுவதும் சிரித்தது. ஒரு வருஷமாக, மாமனார் பேரைச் சொன்னால் அம்மா உடைந்துபோவார் என்று மகன்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். மாமியாரோ யாராவது பேச மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார். கதைமேல் கதையாக வந்தது. சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன. பெரிய அத்தைகூடத் தன் பங்குக்கு, தம்பி சின்ன வயதில் கிணற்றடியில் செய்த சேட்டை ஒன்றைச் சொன்னார். ரோஜா நிறக் கெபாயா அன்று பெட்டிக்குள் போனது. அடுத்த வருஷம் மாமியாரே எடுத்து உடுத்திக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மாமியார் அந்த நீலச் செருப்போடு நடந்து வந்து, என் தட்டில் பெரிய மீன் துண்டாகப் பார்த்துப் போட்டார். "மக்கான், மாப்பிள்ளை" என்றார். சாப்பிடு என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்கு முள் எடுத்ததுபோல் இருந்தது.

இன்றும் துக்க வீட்டுக்குப் போனால் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அந்த வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து, போனவர் எப்படிப் பேரம் பேசுவார் என்று மெல்லக் கேட்டுவிட்டு, சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காமல் இருக்க மட்டும் தெரியும்.