நியூட்ரலில் ஓர் இறக்கம்

சஹன் சாப்பாட்டில் அரசியல் பேசலாம், மார்க்கம் பேசலாம்... வாகனம் மட்டும் பேசக் கூடாது. அண்மையில் அக்குறணையில் ஒரு கல்யாண வீட்டில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆறு பேர் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கோழிக்கால் யாருக்கு என்பதில்கூடச் சண்டை வரவில்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். புதிதாக வாங்கிய என் ஹைபிரிட் ஜீப், ஒரு லீற்றருக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன். எதிரே இருந்த ரிஸ்வானின் கை பாதி வழியில் நின்றது.

ரிஸ்வான் என் பள்ளித் தோழன். அக்குறணையில் மிளகு, கராம்பு, ஏலக்காய் வியாபாரம். சரக்கு எடுக்க வாராவாரம் ஹுன்னஸ்கிரியப் பக்கம் போய் வருகிறவன். அவனிடம் இருப்பது பழைய டீசல் ஜீப். அதன் சத்தம் இருக்கிறதே... அவன் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறினாலே அக்குறணைக் கடையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

டவுனுக்குள் ஹைபிரிட் சிக்கனம்தான், ஆனால் மலையில் அது பொம்மை வண்டி என்றான் ரிஸ்வான். அவன் வண்டி டீசலைக் குடிப்பதில்லை, அதில் குளிக்கிறது என்றேன் நான். சோறு ஆறியது. மற்ற நான்கு பேரும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கடைசியில், பந்தயம்தான் என்று முடிவானது.

நிபந்தனைகள் எளிமையானவை. ஒரே பாதை. ஒரே ஆட்கள். ஒரே சாரதி — அது ரிஸ்வான், ஏனென்றால் அந்த மலைப் பாதை அவனுக்குக் கைரேகை மாதிரி. நான் நடுவர், பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். தெல்தெனியா பெற்றோல் ஷெட்டில் டேங்க் வழிய நிரப்ப வேண்டும். ஹுன்னஸ்கிரியச் சந்தியில் திரும்பித் தோட்டத்து மேட்டுக்கு ஏறி, திரும்ப இறங்கி வந்து, அதே பம்பில் மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாவது தடவை உள்ளே போவதுதான் வண்டி குடித்தது. சாரதி தன் கைப்பழக்கப்படி ஓட்டலாம், நடுவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் போட்டவன் ரிஸ்வான்தான். என்னை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் சனிக்கிழமை டீசல். சொல்ல ஒன்றுமில்லை. ஏறும்போது ஜீப் முக்காமல் ஏறியது, இறங்கும்போது பனிமூட்டம் வந்தது. பாதை குறுகல். ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம். வளைவு திரும்பும்போதெல்லாம் வேலை முடிந்து போகிற ஆட்கள் வரிசையாக ஓரத்தில், மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் வருவதற்கு முன்பே ஒதுங்கி நின்ற முகங்கள். சிலர் ரிஸ்வானுக்குக் கையைக் காட்டினார்கள். எவ்வளவு மரியாதையான ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை என் ஹைபிரிட்டின் முறை.

ஏற்றத்தில் என் மானம் போனது. பாதி மலையிலேயே பற்றரி இறங்கிவிட்டது. பெற்றோல் இன்ஜின் தனியாகக் கிடந்து கத்தியது. ரிஸ்வான் ஒன்றும் பேசவில்லை, மெதுவாகச் சிரித்தான். பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேட்டில் வண்டியைத் திருப்பினோம். அன்றைக்குப் பனிமூட்டம் முந்திக்கொண்டு வந்திருந்தது. இறக்கம் தொடங்கியதும் ரிஸ்வானின் இடது கை தானாகப் போய் கியரை நியூட்ரலில் தள்ளியது.

மலைநாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் நியூட்ரல், எண்ணெய் மிச்சம். இது இங்கே தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். டீசலுக்கே அது பிழை என்று மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள், யார் கேட்கிறார்கள்? ஹைபிரிட்டில் அது பெரும் பிழை. கியரில் இருந்தால் வண்டி இறங்கும் வேகத்திலேயே பற்றரி ஏறும், அதுவே பாதி பிரேக் வேலையையும் பார்க்கும். நியூட்ரலில் இரண்டும் இல்லை. மொத்தப் பாரமும் காலடிப் பிரேக்கின் தலையில்தான்.

எனக்கு இது தெரியும். ஏன் தடுக்கவில்லை? நிபந்தனை என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல, ஆசை. முன்னால் இருந்த திரையில் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று காட்டும் எண் ஏறி ஏறி, தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பதில் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் காட்ட அந்தத் திரையில் இடமில்லை. இன்ஜின் செத்துக் கிடக்க, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. என் வாழ்க்கையில் அப்படி ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை. நான் ரிஸ்வானின் தோளைத் தட்டிக் காட்டினேன். அவனும் எட்டிப் பார்த்தான்.

பிறகுதான் அந்த அமைதியைக் கவனித்தேன்.

கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தேன். டயர் ஈரத்தில் உரசுகிற மெல்லிய ஓசை, அவ்வளவுதான். முன்னாலும் பின்னாலும் வெள்ளை. நாங்கள் நகர்கிறோமா, பனி எங்களைக் கடந்து போகிறதா என்றே தெரியவில்லை. ரேடியோவைப் போடலாமா என்று நினைத்தேன். ஏனோ கை போகவில்லை.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பேசினாள்.

நிச்சயமாகப் பக்கத்தில்தான். இருமல் கேட்டது. இன்னொரு பெண் தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். வீட்டுக்குள் வைத்துக்கூடச் சொல்ல முடியாத ஒரு விஷயத்தை இரண்டு பேர் பேசிக்கொண்டு வருகிறார்கள். என்ன விஷயம் என்று இங்கே எழுத மாட்டேன், அது நாங்கள் கேட்டிருக்கக் கூடாதது. ஆனால் ஆட்களைக் காணோம். இடப்பக்கம் பார்த்தேன், பனி. வலப்பக்கம் பார்த்தேன், பனி. ரிஸ்வானும் கேட்டிருக்க வேண்டும். அவன் உதடு மெதுவாக ஓதத் தொடங்கியது. பயந்துவிட்டேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அடுத்த நொடி முன்னால் முதுகுகள் தெரிந்தன.

நாலைந்து பெண்கள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் மழைக்குக் கொங்காணி போல மடித்த பொலித்தீன். பாதை நடுவில் ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை. அதுதான் குலை நடுங்க வைத்தது... இவ்வளவு பெரிய வண்டி முதுகுக்குப் பின்னால் வருகிறது, ஒரு தலைகூட அசையவில்லை. இவர்கள் மனிதர்கள்தானா என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வந்தது.

ரிஸ்வான் பிரேக்கை மிதித்தான். இறக்கம் முழுக்கச் சூடேறியிருந்த பிரேக் பஞ்சு போல உள்ளே போனது. ஹோர்னில் இருக்க வேண்டிய கை கியரில் இருந்தது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. அவன் கியரை இழுத்துப் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, வண்டியை மேட்டுப் பக்கத்து மண்ணில் தேய்த்தான். தேய்ந்துகொண்டே போய் நின்றது.

கடைசியாக நடந்த பெண்ணின் சாக்கு, பொனட்டில் பட்டுக்கொண்டிருந்தது.

அவள் திரும்பினாள். அலறவில்லை. பனிக்குள்ளிருந்து எதுவோ முளைத்து நிற்பதைப் போல வண்டியைப் பார்த்தாள். மெதுவாகக் கையை நீட்டி பொனட்டைத் தொட்டாள்... இரும்புதானா என்று பார்க்கிறவள் போல. அவர்களைப் பார்த்து நான் எதை நினைத்தேனோ, அதையே அவள் எங்களைப் பார்த்து நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கண்ணாடிப் பக்கம் வந்தாள்.

“எம்புட்டு நேரமா எங்க பின்னாலயே வந்துக்கிட்டு இருக்கீங்க?”

இப்போதுதான் என்று ரிஸ்வான் முணுமுணுத்தான். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. தன்னோடு பேசிக்கொண்டு வந்த மற்றப் பெண்ணை ஒருமுறை பார்த்தாள். எல்லோரும் கானுக்குள் இறங்கி நின்று வழி விட்டார்கள். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆனால் வண்டி தாண்டிப் போகும் வரை, அந்த நாலைந்து பேரும் எங்கள் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

பிரேக் ஆறட்டும் என்று கீழே ஓர் அகலமான இடத்தில் நிறுத்தினோம். கருகல் வாடை. ரிஸ்வான் இறங்கிப் போய் முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து சொன்னான்.

“இந்த ரோட்டுல இத்தன வருஷமா வாரன் மச்சான். ஒருத்தரும் குறுக்க வந்ததில்ல. நான் நல்லா ஓட்டுறதாலன்னு நெனச்சிட்டு ஈந்தன்.”

முந்தின வாரம் ஒதுங்கி நின்றவர்களின் மரியாதை எனக்கும் அப்போதுதான் விளங்கியது. மூன்று வளைவுக்கு அப்பாலேயே ஜீப்பின் உறுமலைக் கேட்டுத்தான் அத்தனை பேரும் கானுக்குள் இறங்கியிருக்கிறார்கள். பனிக்காலத்தில் அந்தப் பாதையில் கண்ணுக்கு என்ன வேலை? காதை நம்பி நடக்கிற சனங்களுக்கு நடுவே, நான் சத்தமில்லாத ஒன்றை உருட்டிவிட்டிருக்கிறேன். அதையும் நம்பரைப் பார்த்துப் பூரித்துக்கொண்டே.

சரி, பந்தயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஷெட்டில் நிரப்பிப் பார்த்தோம். நியூட்ரல் பைத்தியக்காரத்தனத்தையும் மீறி ஹைபிரிட்தான் குறைவாகக் குடித்திருந்தது. ஜெயித்த நானும் வாயைத் திறக்கவில்லை, தோற்ற அவனும் சண்டைக்கு வரவில்லை. டீசல் வண்டி அதிகமாகத்தான் குடிக்கிறது. அதில் ஒரு பங்கு, முன்னால் நடக்கிறவர்களுக்கு ஆள் வருகிறது என்று சொல்வதற்குச் செலவாகியிருக்கிறது. அந்தச் செலவை எந்தத் திரையும் வரவில் காட்டுவதில்லை.

வண்டியை விற்கவில்லை. இப்போது பனி கண்டால் ஊர்ந்து போகிறேன், வளைவு இல்லாத இடத்திலும் ஹோர்ன் அடிக்கிறேன். நாகரிகம் தெரியாதவன் என்று திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

ஆனால் ஒன்று மட்டும் மாறிவிட்டது. காலையில் என் வீட்டுப் பக்கத்து ஹந்தானை வீதியில் நடக்கும்போது, திடீர் திடீரென்று நின்று திரும்பிப் பார்க்கிறேன்... பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லையே என்று.