சந்தனம் பட்ட பிராசசர்

படாளத்துக் காயத்ரிக்கு வயது இருபத்தாறு. கேளம்பாக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே. அண்ணன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் விளையாடுவாள். அது சூடேறி அணைந்துபோகும் ஒவ்வொரு முறையும், தனக்கென்று ஒரு கேமிங் கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்ட வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். விளையாட்டுக்குள் அவளுக்கு ஆண் பெயர். பெண் பெயர் வைத்திருந்தபோது எதிரணியில் இருந்தவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது.

கையிலிருந்த பணத்துக்குள், கணினிக்கு மூளையான பிராசசரைத் தேர்ந்தெடுப்பதுதான் தலைவலியாக இருந்தது. யூட்யூபில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் கேளம்பாக்கத்தில் உலகநாதனின் கணினிக் கடைக்குப் போனாள். கவுண்டரில் நின்றவன் ஸ்டான்லி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன்.

"கிராஃபிக்ஸ் கார்டும் இப்பவே வாங்கறீங்களா மேடம்?"

"இல்ல. அடுத்த தீபாவளிக்குத்தான் முடியும்."

"அப்ப இந்த வேகமானத வாங்கினு போயி இன்னா பண்ணுவீங்க? கார்டு இல்லன்னா இதுல படமே வராது. உள்ளயே கிராஃபிக்ஸ் கீறத எடுங்க. கொஞ்சம் பழைய மாடலு, ஆனா அதுக்கேத்த போர்டும் சீப்பா கெடைக்கும். செட்டிங்க கொறச்சு வெச்சு ஆடிக்கினு இருங்க. டப்பு வரும்போது கார்டு போட்டுக்கலாம்."

"யூட்யூப்ல ஒருத்தர் இது வேஸ்ட்டுன்னு சொன்னாரே."

"அவருக்கு எல்லாம் ஓசில வருது மேடம். உங்களுக்கு யாரு குடுக்கறா?"

காயத்ரி சிரித்துவிட்டாள். அவன் காட்டியதையே, கணினிக் கூடான கேபினெட், மானிட்டர் என்று மற்றவற்றோடு சேர்த்து எடுத்தாள். கடை வழக்கப்படி ஸ்டான்லி பெட்டியைப் பிரித்து, பிராசசரைத் திருப்பி விளக்கொளியில் பிடித்தான். அடியில் தங்க நிறத்தில் ஊசி ஊசியாகப் பின்கள். "எல்லாம் நேரா கீதா, பாத்துக்கங்க. ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு. கம்பெனி மாத்தித் தராது." காயத்ரி குனிந்து பார்த்துவிட்டு, நேராகத்தான் இருக்கிறது என்றாள். அந்தக் கடையில் அதற்கு எழுத்தும் கையெழுத்தும் கிடையாது. வாங்குகிறவர் வாயால் சொல்வதுதான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே அவளுக்கு மாதவிடாய். "தூரமா இருக்கிறப்ப புதுப் பொருளத் தொடாதடி" என்று அம்மா முனியம்மா பெட்டிகளை எல்லாம் வாங்கிச் சாமி அறையில் வைத்துவிட்டாள். ஒரு பெண்ணின் உடம்பு இயல்பாகச் செய்கிற காரியத்தைத் தீட்டு என்று எவனோ சொல்லிவைத்தான். அதற்குக் காவல் நிற்கும் வேலையையும் பெண்கள் தலையிலேயே கட்டினான். கணினிக்கு நிரல் எழுதிச் சம்பாதிக்கும் காயத்ரி ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் பின்கட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முனியம்மா தானே பூசை போட்டாள். டிராக்டராகட்டும் மிக்சியாகட்டும், சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அந்த வீட்டில் எதையும் ஓட்டியதில்லை. கேபினெட்டுக்கு வைத்தாள், மானிட்டருக்கு வைத்தாள். பிராசசரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொன்னாக மின்னுகிற பக்கம்தான் முகம் என்று அவளுக்குப் பட்டது. குழைத்த சந்தனத்தை அங்கே நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள்.

மூன்றாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து காயத்ரி பார்த்தபோது சந்தனம் பின்களுக்கு இடையில் காய்ந்து இறுகியிருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்தாள். சந்தனம் போனது. ஒரு வரிசைப் பின்களும் சாய்ந்தன. நிமிர்த்தப் போனதில் ஒன்று உடைந்து விழுந்தது.

"இன்னாடி, ஓடலியா?" என்றாள் முனியம்மா. "கடையிலேருந்து தூக்கினு வரப்பவே உனக்கு ஆயிருக்கும். வாயத் தொறந்து சொன்னியா? அதான் இப்படி."

காயத்ரி பிராசசரைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அலுவலகம் போன நாளில் பிராசசரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடை நிறைய ஆள்கள். "வீட்ல தொறந்து பாத்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு" என்று உலகநாதனிடம் சொன்னாள்.

ஸ்டான்லி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்தான். "மேடம், லைட்டுல காமிச்சேனே. நேரா கீதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எனக்கு ஞாபகம் இல்ல."

உலகநாதன் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு ஸ்டான்லியைப் பார்த்தார். விசாரணை அதோடு முடிந்தது. அட்டை மாட்டியவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், குப்பத்திலிருந்து வருகிறவனுக்குக் கை சுத்தமிருக்காது. நம் ஊரில் பாதித் தீர்ப்புகள் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

"கீழ போட்டுட்டு அப்படியே டப்பால சொருகிட்டியா? மீன் கூடைன்னு நெனச்சியா?"

"அண்ணே, நான் போடல."

"நாளையிலேருந்து வராத."

ஸ்டான்லி காயத்ரியைப் பார்த்தான். அவள் தன் கைப்பேசியைப் பார்த்தாள். உலகநாதன் வேறொரு பெட்டியை அவளிடம் நீட்டி மன்னிப்புக் கேட்டார்.

அன்று சாயங்காலமே கணினி ஓடியது. முனியம்மா வாசற்படியில் நின்று திரையைப் பார்த்தாள். "பாத்தியா? நீ குளிச்சு சுத்தமானதும் ஓடுது."

செய்யாத குற்றத்தை எவ்வளவு சுலபமாகத் தூக்கி என் தலையில் போடுகிறாள் அம்மா என்று காயத்ரிக்குக் கொதித்தது. கொதித்த அந்தக் கணமே அவளுக்கு ஸ்டான்லியின் முகம் வந்தது. தனக்கு நடந்ததையே அவனுக்குச் செய்துவிட்டு வந்து விளையாட உட்கார்ந்திருக்கிறாள். கணினியை அணைத்தாள். சந்தனம் எங்கே அப்பப்பட்டது, பின் எப்படி உடைந்தது, கடையில் என்ன சொன்னாள் என்று எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினாள்.

முனியம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "தப்பு என்னுதுன்னா எம்பேரச் சொல்லிட்டு வரவேண்டியதுதானடி. வூட்டுக்குச் சம்பாதிச்சுப் போடறவன் பேர ஏன்டி சொன்ன?" என்றாள். தீட்டைப் பற்றி அதற்குமேல் அவளும் பேசவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை.

மறுநாள் கடை திறந்ததும் காயத்ரி உலகநாதனிடம் உண்மையைச் சொல்லி, பிராசசருக்கு உரிய பணத்தையும் கட்டினாள். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். "விடுங்க மேடம். அவன் எப்பவுமே எதுத்துப் பேசறவன்."

"அவர திரும்பக் கூப்பிடுவீங்களா?"

"பாக்கலாம்."

அந்த 'பாக்கலாம்' எதுவும் நடக்காது என்பதற்கான வார்த்தை. காயத்ரி மாமல்லபுரம் பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்துக் கரைக்குப் போனபோது, ஸ்டான்லி யாரோ ஒருவரின் வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவள் சொல்வதை முழுக்கக் கேட்டான்.

"ஓனராண்ட சொல்லிட்டியா?"

அவன் பேச்சில் 'மேடம்' போய்விட்டிருந்தது. "சொல்லிட்டேன்."

"கடைல யாரு இருந்தா?"

"அவர் மட்டும்தான். அப்பதான் கடை தொறந்தாரு."

"என்னைத் தொரத்தினப்ப எவ்ளோ பேரு இருந்தாங்க?"

ஸ்டான்லி ஒரு மீனைப் பிரித்துக் கூடையில் போட்டான்.

"அந்தக் கடையில வாங்கறவங்கதான் பக்கத்துக் கடையிலயும் வாங்கறாங்க. நேத்தே போயி ரெண்டு எடத்துல வேல கேட்டேன். பிராசசர ஒடைச்சவன் நீதானன்னு கேக்கறானுங்க. நீ காலியா கீற கடையில போயி காதுல சொல்லிட்டு வந்துட்ட."

"மன்னிச்சிடுங்க."

"அத இங்க சொல்லி இன்னா புண்ணியம்?" என்று சொல்லிவிட்டு அவன் வலைக்குத் திரும்பினான்.

சனிக்கிழமை மாலை, கவுண்டரில் இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம் சேரும்வரை காயத்ரி கடைக்கு வெளியே காத்திருந்தாள். பிறகு உள்ளே போனாள். உலகநாதன் நிமிர்ந்து, "என்ன மேடம், மறுபடியும் பிரச்சனையா?" என்றார்.

"ஆமா சார்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "பிராசசர ஸ்டான்லி ஒடைக்கல. நான்தான் ஒடைச்சேன். அவர் மேல பொய் சொன்னேன்."

கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உலகநாதன், உள்ளே போய்ப் பேசலாம் என்று கையால் காட்டினார். அவள் நகரவில்லை. அருகில் நின்றவர் சரியாகக் கேட்கவில்லை என்றார். காயத்ரி அவர் பக்கம் திரும்பி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.