குழவியின் வலப்பக்கம்

நம்பினால் நம்புங்கள், சாமி, குறி, பூவாக்கு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அப்போது ஆரணியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் பி.எஸ்சி. பிசிக்ஸ் வேறு படித்துக்கொண்டிருந்தேன், கேட்கவே வேண்டாம்.

அக்காவுக்கு வெம்பாக்கத்து வாத்தியார் ஒருவர்மேல் விருப்பம். எங்கள் நைனாவோ, "வெள்ளிக்கிழமை அம்மனாண்ட பூ கேட்டுட்றேன்" என்று முடித்துவிட்டார். அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப்பூ ஒட்டுவார்கள். அம்மனுக்கு வலப்பக்கம், அதாவது எதிரே நிற்கும் நமக்கு இடப்பக்கம், விழுந்தால் சம்மதம். மற்றது விழுந்தால் வாத்தியார் அவ்வளவுதான். அக்கா சோற்றையே தொடவில்லை.

எந்தக் கல்லில் ஒட்டினாலும் பூ விழும் என்று காட்டிவிட்டால் நைனா ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோயிலில் உள்ளதெல்லாம் இருக்க வேண்டும், சாமி மட்டும் இருக்கக் கூடாது, அதுதான் சோதனை. அம்மிக் குழவியை நிமிர்த்தி வைத்து, தறியில் மிஞ்சிய பட்டுத் துண்டைச் சுற்றி, கோயிலில் ஒட்டும் அதே சாமந்தியை ஈரத்தோடு இரண்டு பக்கமும் ஒட்டினேன். பக்கத்து வீட்டு பவர்லூம் அதிர்வு சேரக் கூடாதே என்று கரண்ட் போகும் நேரமாகப் பார்த்துச் செய்தேன். பூ விழவே இல்லை, காய்ந்து சருகாகியும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

நைனா சிரித்தார். "கல்லுக்கு இன்னாடா தெரியும்? அதுக்குத்தான் அம்மனாண்ட போறது."

"உன் சயின்ஸு என் கல்யாணத்துக்கே ஒல வச்சிடும் போலக்குதேடா" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசியாக ஒருமுறை புதுப் பூ ஒட்டினேன். கரண்ட் இல்லை, தெருவே அடங்கிக் கிடந்தது. நைனா கோயிலுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். சட்னி அரைக்கக் குழவியை எடுக்க வந்த அம்மா, என்ன நினைத்தாளோ, அதன் முன்னால் உட்கார்ந்து கையேந்திவிட்டாள்.

"தாயே, எம்பொண்ணு அழுதுகினே கீறா. நீயாவது சொல்லும்மா."

"யம்மா, அது வெறும் கல்லும்மா! வேண்டிகினா சோதனை கெட்டுடும்!"

நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பூ அவள் கையில் விழுந்தது. "வலது!" என்று முதலில் கத்தியது நான்தான்.

நைனா செருப்பைக் கழற்றினார். "கோயிலு இன்னாத்துக்கு? அதான் கேட்டாச்சே. ஜல்தியா மாப்ள வூட்ல பேசணும்."

கல்யாணம் நடந்தது, அக்கா நன்றாக இருக்கிறாள். இன்னொரு முறை சோதிக்கிறேன் என்று கெஞ்சியும் அம்மா குழவியைத் தரவில்லை, அதற்குக் குங்குமம் வைத்துவிட்டாள். சட்னிக்கு மிக்ஸி வந்தது.

ஈரம் காய்ந்திருக்கும், அம்மாவின் மூச்சுக்காற்று பட்டிருக்கும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் விழுந்தது எங்களுக்கு இடப்பக்கத்துப் பூ. அம்மனுக்கு முகம் இருக்கிறது, அதனால் வலம் இடம் உண்டு. குழவிக்கு ஏது முகம்? அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அந்த நொடியில் எனக்கு எப்படித் தெரிந்தது?